பாட்டாவின் ஜப்பான் வாளைப் பார்க்க வந்தவர்

முதலில் கட்டணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து, வாளைப் பிரித்துப் பார்த்து அசலா நகலா என்று சொல்ல 4,000 ரூபாய். எழுத்தில் அறிக்கை வேண்டுமென்றால் மேலும் 1,500. பெட்ரோல் காசு கேட்கவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து மழையில் ஸ்கூட்டரில் வந்தார், மதியம் எங்களோடு மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டார், நாலு மணிக்குப் போனார். பெயரைப் போட்டால் தாலுக்காவில் இருக்கிற துருப்பிடித்த கத்தியெல்லாம் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறார், அதனால் பெயர் இல்லை. பெயரில்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. இன்னும் சில வீட்டுப் பரண்களில் இப்படி ஒன்று கிடக்கலாம். பார்த்துச் சொல்ல எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும், யாருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதற்காவது இது உதவும்.

நான் களியக்காவிளையில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளர். 22 வருஷமாக உரைகல்லும் அமிலக் குப்பியும்தான் சோறு போடுகின்றன. அசலா போலியா என்று நான் சொல்வேன், எதிரில் இருப்பவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தடவை எதிர் நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கடுப்பு ஆங்காங்கே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாள் பாட்டாவுடையது. தாத்தாவை எங்கள் பக்கம் பாட்டா என்போம். எங்களுடையது கொல்லு வேலை செய்யும் ஆசாரிக் குடும்பம். பாட்டா 1940இல் பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பெங்களூர் போய் மட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. இரும்பு வேலையும் மர வேலையும் தெரிந்த ஆட்களுக்கு அங்கே மரியாதை உண்டு. பட்டாளத்தில் அவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். பர்மாவில் ஆற்றுக்கு ஆறு பாலம் போட்டுவிட்டு 1946இல் ஜமேதாராக ஊர் திரும்பினார். அப்போது எங்கள் விளவங்கோடு தாலுக்கா திருவிதாங்கூரில் இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கொசுவலை, இந்த வாள். அவ்வளவுதான் கொண்டுவந்தது.

காட்டில் ஒரு ஜப்பான் அதிகாரியை நேருக்கு நேர் மடக்கி வாளைப் பிடுங்கினார் என்பது வீட்டுக் கதை. பாட்டா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் போகும்போது எனக்கு நாலு வயசு. சொன்னதெல்லாம் அப்பா. என் சின்ன வயசில் கேப்டனாக இருந்த அந்த ஜப்பான்காரர், நான் பத்தாம் வகுப்பு எழுதும்போது கர்னலாகி, என் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தக்காரர்களிடம் ஜெனரலாகிவிட்டார். செத்த பிறகு எங்கள் வீட்டில் இருந்தபடியே இவ்வளவு பதவி உயர்வு.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு, வாள் பீரோ மேலிருந்து இறங்கும். தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அப்பாவின் சம்மட்டி, குறடு, என் உரைகல் இவற்றோடு வரிசையில் இருக்கும். மறுநாள் திரும்ப பீரோ மேல். அப்பாவுக்கு இப்போது 77. பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, வாள் யாருக்கு என்பதற்கு முன்னால், வாள் என்ன பெறும் என்று தம்பி கேட்டான். அப்படித்தான் இது ஆரம்பித்தது.

கொச்சியில் பழைய சாமான் கடை ஒன்றில் செல்போனில் படத்தைக் காட்டினேன். உறையிலிருந்து எடுத்த படம் வருவதற்குள்ளேயே, சைனா நகல், 15,000 தருகிறேன் என்றார் கடைக்காரர். நகலுக்கு எதற்கு 15,000 என்று கேட்டேன், கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டார். பித்தளை என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்தாயிற்று. அடுத்தவர் போனில் மட்டும் கிடைத்தார். 400 வருஷத்துச் சாமுராய் வாள், 12 லட்சத்துக்குக் குறையாது, ஜப்பான் சான்றிதழ் வாங்க முன்பணம் 40,000 அனுப்புங்கள் என்றார். நான் அனுப்பிய படத்தில் பிடியும் உறையும் மட்டும்தான் இருந்தன. கழுத்தில் கிடக்கும் நகையைத் தெரு முனையிலிருந்து பார்த்து மாற்றுச் சொல்கிற வித்தை.

மூன்றாவதாகத்தான் இவர். திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை செய்யும் மருமகன் விசாரித்துச் சொன்னான். மலையாளி, பல வருஷம் ஜப்பானில் வேலை பார்த்தவர், அங்கேயே வாள் பார்க்கப் படித்தவர். வாட்ஸ்அப்பில் குடும்பக் கதையை விலாவாரியாகத் தட்டி அனுப்பினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதிலுக்கு ஒரு பட்டியல் வந்தது: நுனி, பிடி, கைக்காப்பு, குஞ்சம் என்று தனித்தனிப் படம். வாளின் நீளம், வளைவோடு அல்லாமல் நேர்கோட்டில். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிடிக்குள் போயிருக்கும் வால் பகுதி இரண்டு பக்கமும். ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எழுத்து தெரியாவிட்டால் முகப் பவுடரை லேசாகத் தடவித் துடையுங்கள், பள்ளத்தில் வெள்ளையாக நிற்கும். துருவை எதைக்கொண்டும் தேய்க்காதீர்கள். இந்தக் கடைசி வரி மட்டும் மூன்று தடவை வேறு வேறு வார்த்தையில் வந்தது.

அந்த வாலை ஜப்பானில் நகாகோ என்கிறார்கள். செய்தவர் பெயர் வெட்டுவது அதில்தான். அதன் துரு நூற்றாண்டு நூற்றாண்டாகக் கறுத்துக்கொண்டே போகும், அந்தக் கறுப்பை வைத்தே வயசு சொல்வார்கள். அதைப் பளபளவென்று தேய்த்துவிட்டால் வாளின் பாதி சாட்சி போயிற்று. வாங்குகிறவர்கள் பலர் அதோடு எழுந்து போய்விடுவார்களாம். புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று படம் எடுக்கலாம் என்றுதான் நான் இருந்தேன்.

அதற்கு முன் பிடியைக் கழற்ற வேண்டும். பிடி கழலும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு மூங்கில் ஆணிதான் முழு வாளையும் பிடியில் நிறுத்தியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அதைச் சொன்னதும் போனே வந்துவிட்டது. "சேட்டா, அது விடு. ஞாயிறாழ்ச்ச ஞான் வராம்." வாளை பஸ்ஸில் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். எல்லை தாண்டி கேஎஸ்ஆர்டிசியில் ஒரு ஆள் வாளோடு ஏறினால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். அதற்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைச் சுத்தியல், நாலைந்து மூங்கில் குச்சிகள், மெல்லிய காகிதம், சின்னக் குப்பியில் எண்ணெய். எண்ணெயைத் திறந்தால் பல்வலி மருந்து வாசனை. கிராம்பு. ஜப்பானில் வாளுக்குப் போடும் எண்ணெயில் அந்த வாசனைதான் இருக்குமாம். நம் மாறாமலையிலும் விளைகிறதே என்று மனைவி சொன்னாள், அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கையைக் கழுவினார், துடைத்தார், வாளை எடுப்பதற்கு முன் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். எச்சில் ஒரு பொட்டு தெறித்தாலும் அதுவே துருவாகும். வெட்டுவாய் மேலே பார்க்க, முதுகை உறையில் ஊன்றி, மெல்ல இழுத்தார். நாங்கள் இத்தனை வருஷமும் சினிமாவில் வருகிற மாதிரி சர்ரென்று உருவிக்கொண்டிருந்தோம்.

அலகைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பிடிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே மூன்று குழிகள், ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வட்டமாக அரித்த துரு. ரத்தக்கறையாக இருக்குமோ என்று நாங்கள் ரகசியமாகப் பெருமைப்பட்ட இடம் அது. இத்தனை ஒழுங்காகத் துருப்பிடித்து நான் பார்த்ததே இல்லை, இது என்ன என்றார். அப்பாவும் நானும் மேலே பார்த்தோம். மனைவிதான் சொன்னாள்: "பொட்டு."

சந்தனம், அதன் மேல் குங்குமம். எழுபத்தெட்டு ஆயுத பூஜை, ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று இடம். குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பும் ஈரமும் இருக்கும், மறுநாள் சரியாகத் துடைக்காமலே உறையில் போட்டுவிடுவோம். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. சிரித்த பிறகு, இதை எடுக்க வேண்டுமென்றால் ஜப்பானில் பயிற்சி பெற்ற சாணைக்காரரிடம்தான் போக வேண்டும், அந்தக் கூலி இந்த வாளைவிட அதிகமாகும், அதனால் இருக்கட்டும், நம்ம ஊர்ச் சாணையில் மட்டும் காட்டிவிடாதீர்கள் என்றார்.

அடுத்து பிடி. கயிறு பின்னலுக்கு அடியில் வெள்ளையாக, மணல் மாதிரிச் சொரசொரவென்று ஒரு தோல். கைக்கு வழுக்காமல் இருக்க ஏதோ பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மனைவி குளச்சல்காரி, எட்டிப் பார்த்துவிட்டுத் திருக்கை என்றாள். திருக்கைத் தோலேதான். தன் இத்தனை வருஷத்தில் கேட்காமலே அதைச் சொன்ன முதல் வீடு இது என்றார். நகலில் இந்த இடத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கொச்சிக்காரர் நினைவுக்கு வந்தார்.

பிடியின் நுனியில் தொங்கும் குஞ்சத்தை யாரும் பொருட்படுத்தியதில்லை. அழுக்கேறிப் பழுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதன் மடிப்பை விரித்து உள்பக்கத்தைக் காட்டினார். உள்ளே நீலம். ஜப்பான் ராணுவத்தில் குஞ்சத்தின் நிறம் பதவியைச் சொல்லும். பழுப்பும் நீலமும் என்றால் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை. பழுப்பும் சிவப்பும் மேஜர் முதல் கர்னல் வரை. அதோடு தங்க இழையும் ஓடினால் ஜெனரல். குஞ்சத்தை யாரும் மாற்றிக் கட்டியிருக்கலாம், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். ஆனால் எங்கள் வீட்டு ஜெனரல் அந்த நிமிஷமே பழையபடி கேப்டனாகிவிட்டார்.

அப்பா விடவில்லை. "எனக்க அப்பன் சும்மா கொண்டு வந்த சாதனமாடே இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார், அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. அவர் நிமிராமலே, "அம்மாவா, கத எனிக்கு அறியில்லா. இரும்பு மட்டும் அறியாம்" என்றார். மாமா, கதை எனக்குத் தெரியாது, இரும்பு மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். 1945இல் சரணடைந்தபோது, ஜப்பானிய அதிகாரிகள் வாளை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்பதில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிடிவாதமாக இருந்தார், குவியல் குவியலாக வாள்கள் சேர்ந்தன, படைப்பிரிவுகளில் நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள், இதுவும் அப்படி வந்திருக்கலாம் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் விளக்கினார். அப்போது அப்பா மீன் முள்ளில் மும்முரமாக இருந்தார்.

அந்தப் பேச்சில்தான் இன்னொன்று வெளியே வந்தது. சரணடைந்த வாள்கள் சிலவற்றில் உடையவர் பெயரை மையால் எழுதிய மரச்சீட்டு ஒன்று கட்டியிருக்குமாம், அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்டார். உறையின் வளையத்தில் இன்னமும் ஒரு துண்டுச் சரடு இருக்கிறது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ஐஸ் குச்சியைவிடக் கொஞ்சம் அகலமாக ஒன்று இருந்தது, கறுப்பு மையில் கோடு கோடாக எழுத்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட அதை வைத்து மைதாப் பசை கிண்டினேன், அப்புறம் எங்கே போனதென்று தெரியாது என்றார். ஒரு ஆளின் பெயர், முகவரியோடுகூட இருந்திருக்கலாம். பசையில் கரைந்துவிட்டது.

சரி, பிடி. தேங்காய் எண்ணெய் எண்பது வருஷமாக உள்ளே இறங்கிப் பிசினாகிக் கிடந்தது. ஆணியைத் தள்ளவே கால் மணி நேரம். பிறகு இடது கையில் பிடியைச் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டின் மேல் வலது முஷ்டியால் தட்டுகிறார். தட்டத் தட்ட வாள் பிடியிலிருந்து மயிரிழை மயிரிழையாக எழும்புகிறது. நாற்பது தட்டாவது இருக்கும். ஒரு கட்டத்தில் டக்கென்று கழன்றது, ஊசிப்போன எண்ணெய் வாடை அறை முழுக்க.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். போர்க்காலத்தில் அதிகாரிகள் தங்கள் காசில்தான் வாள் வாங்குவார்கள். சிலர் குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய அலகை எடுத்து ராணுவப் பிடியும் உறையும் மாட்டிக்கொண்டு போனார்கள். வெளியே பார்த்தால் 1938இல் வந்த ராணுவ மாடல், உள்ளே 400 வருஷத்து அலகாகவும் இருக்கலாம். அதனால் பிடியைக் கழற்றாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான். சிப்பாய்களுக்கு மேலே உள்ள ஹவில்தார் மாதிரிப் பதவிக்காரர்களுக்கு அரசே கொடுத்த வாள் வேறு. அதில் உலோகப் பிடி, பின்னல் மாதிரி பெயின்ட், அலகிலேயே வரிசை எண் அடித்திருக்கும். அதில் பெயர் தேடி அலைய வேண்டாம்.

வால் வந்தது. கரும்பழுப்பு, மேலே சாய்வாக அரம் போட்ட கோடுகள். கைக்காப்பையும் அதன் இரண்டு பக்கத்துச் செம்பு வில்லைகளையும் வரிசையாகத் துணியில் வைத்து, என் பத்து மடங்கு லென்ஸை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் 63 என்று குட்டியாக அடித்திருந்தது. இந்த வாளுக்கென்று பொருத்திப் பார்த்துச் செய்த துண்டுகள், வேறொன்றிலிருந்து எடுத்து மாட்டியதில்லை. நகல் செய்கிறவர்கள் இந்த எண்ணுக்கெல்லாம் மெனக்கெடுவது குறைவு. "ஒறிஜினல் தன்னே" என்றார். அப்பா நிமிர்ந்தார்.

அலகின் அடியில் கழுத்து மாதிரி இறுகியிருக்கும் செம்புப் பட்டையில் மட்டும் ஒரு பளிச்சென்ற கீறல். இது யார் உரைத்தது என்று கேட்டார். நான்தான். தங்கம் பவுன் 20,000 தாண்டிய வருஷம், ஒரு சந்தேகத்தில், உரைகல்லில் ஒரு இழுப்பு. தொழில் புத்தி.

பிறகு சுத்தமாக எதிர்பாராத ஒன்று. கையெழுத்துக்கு மேலே ஒரு சின்ன முத்திரை. நான் குதித்தேன். என் உலகத்தில் முத்திரை என்றால் மதிப்பு. 2023 ஏப்ரலிலிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு அடிக்காமல் ஹால்மார்க் நகையே கடையில் விற்க முடியாது. அவர் தலையை ஆட்டினார். வாளில் இது தலைகீழாம். அந்த முத்திரை 'செகி' என்ற ஊர்ப்பெயர் எழுத்து. போர்க்காலத்தில் பழைய முறையில் செய்யாத வாள்களுக்கு இப்படி அடித்தார்கள். மரபுப்படி மணல் இரும்பை உருக்கி எடுத்த எஃகை மடித்து மடித்து அடித்துச் செய்த அலகாக இருந்தால் இந்த முத்திரை அநேகமாக இருக்காது. 22 வருஷத்தில் முத்திரையைப் பார்த்து மனசு விழுந்தது அன்றைக்குத்தான்.

செகி என்பது ஜப்பானின் கிஃபு மாநிலத்தில் உள்ள ஊர், பல நூற்றாண்டுகளாகக் கொல்லர்கள் ஊர். இன்றைக்கும் சமையல் கத்தியும் சவர பிளேடும் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போகின்றன. ஃபெதர் பிளேடு அங்கேதான் செய்கிறார்கள். பவுடர் தடவித் துடைத்ததும் எழுத்துகள் எழுந்து வந்தன. மேலிருந்து கீழே: செகி, ஜூ, கானே, அதற்குக் கீழே துரு தின்ற ஒரு எழுத்து, கடைசியில் சாகு. செகியில் வசிக்கும் கானே யாரோ செய்தது என்று பொருள். கானே என்பது அந்த ஊர்க் கொல்லர்கள் பெயரில் முன்னால் ஒட்டிக்கொள்ளும் எழுத்து. கானெசதா, கானெமோதோ, கானெத்சுனே என்று ஆயிரம் பேர். இரண்டாவது எழுத்துதான் ஆளைச் சொல்லும், அதுதான் போய்விட்டது. பக்கவாட்டில் டார்ச் அடித்து, படம் எடுத்துப் பெரிதாக்கி, அரை மணி நேரம் பார்த்தார். இரண்டு பெயருக்கு வாய்ப்பு உண்டு, இரண்டில் எதையும் அறிக்கையில் எழுத மாட்டேன் என்றார். இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுக்கிறேன். 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் செகியில் எழுத்து வெட்டுவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். உளியால் சடசடவென்று கீறியது மாதிரி மெல்லிசாக இருக்கும் இந்த எழுத்து, அலகை அடித்த கொல்லனின் கை இல்லையாம். ஆக, பெயர் முழுசாகக் கிடைத்திருந்தாலும் அவர் கையெழுத்து கிடைத்திருக்காது. மறுபக்கம் வெறுமை. தேதி இருந்தால் அங்கே இருக்கும், ஷோவா இத்தனையாம் ஆண்டு என்று. அந்த எண்ணோடு 1925ஐக் கூட்டினால் நம் வருஷம். ஷோவா 18 என்றால் 1943. உங்கள் வாளில் இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியில் வெளிச்சம். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, ஒற்றை பல்பைப் பார்த்து வாளை நீட்டி, சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். அப்போதுதான் அப்பா முதல் தடவையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ரப்பர் வெட்டும் கத்தியும் வெட்டுக்கத்தியும் அடித்தே நாங்கள் வளர்ந்தது. வெட்டுக்கத்திக்குத் தோய்ச்சல் வைக்கும்போது அப்பா வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார், முழுக்க முக்கினால் முதல் வெட்டிலேயே தெறித்துவிடும். ஜப்பான்காரர்கள் அலகின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். வாய் சட்டென்று ஆறி இறுகும், முதுகு மெல்ல ஆறி மென்மையாக நிற்கும். அந்த எல்லைதான் அலகில் மேகம் மாதிரி ஓடும் வெள்ளை வரி. வாள் வளைவதும் அந்தத் தண்ணீரில்தான். தண்ணீரில் தோய்த்த நல்ல அலகில் அந்த வரியை ஒட்டிப் பொடிப்பொடியாக மின்னும். எங்கள் வாளில் வரி இருந்தது, மின்னல் இல்லை. லென்ஸ் வைத்து நானும் தேடினேன். எண்ணெயில் தோய்த்தது என்றார்.

அப்பா வாளைக் கையில் வாங்கினார். சொல்லிக்கொடுத்த மாதிரியே, வாய் மேலே பார்க்க. பல்பைப் பார்த்து நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எண்ணெயில தோய்ச்சா வெடிக்காது. தண்ணியில பத்துக்கு ரெண்டு போவும். அவனுக்கு ஒண்ணும் போவக்கூடாது, கணக்குச் சொல்லணும்" என்றார். வந்தவர் அதை மலையாளத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. துருத்தி, கரி, தோய்ச்சல் நிறம் என்று ஒரு மணி நேரம்.

ஆக முடிவு: அசல் ஜப்பான் ராணுவ அதிகாரியின் வாள், 1938க்கும் 1945க்கும் நடுவில் செகியில் செய்தது, பழைய அலகு இல்லை, மரபு முறை இல்லை, செய்தவர் பெயர் பாதி. டோக்கியோவுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கலாமா என்று தம்பி போனில் கேட்டான். அதற்கு அவர் சொன்னது எனக்கு மறக்காது. அங்கே 1948இல் தொடங்கிய கலை வாள் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது, நாலு படியாகச் சான்றிதழ் கொடுக்கிறது, ஆனால் இந்த மாதிரிப் போர்க்கால வாளைத் தொடாது. சங்கம் இருக்கட்டும், மரபு முறையில் செய்யாத வாளை ஜப்பானில் பதிவு செய்யவே முடியாது, பதிவில்லாத வாளை உள்ளே வைத்திருக்கவும் முடியாது. சரி, நிஜமாகவே 400 வருஷத்து வாளாக இருந்திருந்தால்? நூறு வருஷம் தாண்டிய பொருளை 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி தனி ஆள் இந்தியாவை விட்டு வெளியே அனுப்ப முடியாது. பழசென்றால் இவர்கள் விட மாட்டார்கள், புதுசென்றால் அவர்கள் எடுக்க மாட்டார்கள். 40,000 முன்பணம் கேட்டவருக்கு இந்த இரண்டும் தெரியாமல் இருந்திருக்காது.

குறைகளைச் சொல்ல வேண்டும். விலை சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். எவ்வளவு கேட்டும், நான் வாங்குகிறவனும் இல்லை விற்கிறவனும் இல்லை என்பதோடு சரி. பாகம் பிரிக்கிற வீட்டில் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நானும் கவுன்டரில் எடையும் மாற்றும் சொல்வேனே தவிர, கடையில் என்ன போகும் என்று சொல்ல மாட்டேன், அது வேறு விஷயம். அறிக்கை பத்து நாளில் என்றார், 24ஆம் நாள் வந்தது. அதுவும் முழுக்க இங்கிலீஷில், வரிக்கு இரண்டு ஜப்பானிய வார்த்தையோடு. அப்பாவுக்கு நான் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். 1,500 வாங்குகிறவர் ஒரு பக்கம் மலையாளத்திலாவது கொடுக்கலாம், இங்கே பாதிப் பேருக்கு அது படிக்கத் தெரியும். படங்கள் மட்டும் அருமை, அதற்காகவே அறிக்கையை வாங்கலாம்.

பாதுகாப்புக்கு அவர் சொன்னது சுருக்கமாக: தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. கிராம்பு எண்ணெய்க்கு அலைய வேண்டாம், தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் போதும், மென்துணியில் தொட்டு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. இங்கே இரண்டு மழைக்காலம், அதனால் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும். வாலுக்கு எண்ணெய் வேண்டாம். வீட்டில் வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதிக்கு அறிவிப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, காவல் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்டுவிட்டேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அப்பா பொட்டை உறையில் வைத்தார், அலகில் இல்லை. வந்த உறவுக்காரர்களிடம் கேப்டன் என்றுதான் சொன்னார். செகி என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொன்னார், ஏதோ எங்கள் பக்கத்துக் கருங்கல் டவுனுக்கு அடுத்த ஊர் மாதிரி.

ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். முழுசாகக் கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குக் கிளம்பும்போது மூங்கில் குச்சி, சுத்தியல், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றோடும் என் பத்து மடங்கு லென்ஸையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டதற்கு அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார், அது ஆயிற்று ஆறு ஞாயிறு. வங்கியில் இப்போது ஐந்து மடங்கு லென்ஸை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.